ஹாலே: பொருள்கள் தம் இடத்திலேயே இருக்கும் நகரம்

அன்பான நேயர்களுக்கு என் வணக்கம்.

ஜெர்மனிக்குச் சுற்றுலா செல்லும் நம் ஊர்த் தம்பதியர் பெரும்பாலும் பெர்லினில் தொடங்கி, கொலோன் பேராலயம், ஹைடல்பெர்க் கோட்டை, மியூனிக், நியூஷ்வான்ஸ்டைன் அரண்மனை என்று ஒரு வட்டம் சுற்றித் திரும்புகிறார்கள். அவை பார்க்கத் தகுந்த இடங்கள்தாம். ஆனால் நானும் என் கணவரும் பணி ஓய்வுக்குப் பிறகு மேற்கொண்ட விடுமுறைப் பயணத்தில் அந்த வட்டத்தை விட்டு விலகி, சாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே என்ற ஒரே நகரத்தில் தங்கி, அதை மட்டுமே நிதானமாக நடந்து பார்த்தோம். அந்த நகரத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவள். தரங்கம்பாடி அச்சகத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஹாலே என்ற பெயர் வந்து நிற்கும். மாணவர்களுக்கு அதை வரைபடத்தில் சுட்டிக்காட்டிவிட்டு மேலே போய்விடுவேன். என் கணவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் அவர் கண்கள் கூரையின் உத்தரத்தையும் சுவரின் அடித்தளத்தையும்தான் முதலில் தேடும். நான் ஒரு கல்வெட்டுக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருக்கும்போது, அவர் அந்தக் கல்வெட்டைத் தாங்கும் சுவர் எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே அளவில் வேலை கொடுக்கக்கூடிய நகரமாக ஹாலே அமைந்தது.

அதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் புகழ்பெற்ற அருங்காட்சியகங்களில் நாம் காணும் அரும்பொருள்கள் பெரும்பாலும் வேறு எங்கிருந்தோ வந்தவை. ஓர் ஆலயத்துக்காக வரைந்த ஓவியம் கூடத்துச் சுவரில் தொங்கும். ஒரு கல்லறைக்காகச் செதுக்கிய சிலை கண்ணாடிப் பெட்டியில் நிற்கும். ஹாலேயில் அப்படியல்ல. எந்த இடத்துக்காக ஒரு பொருள் செய்யப்பட்டதோ, அந்த இடத்திலேயே அதைப் பார்க்கும் வாய்ப்பு அங்கே மீண்டும் மீண்டும் கிடைக்கிறது. வரலாற்றை வாழ்நாள் முழுவதும் புத்தகத்தில் படித்த எனக்கு அது பெரும் பேறாகப் பட்டது.

ரயில் நிலையத்திலிருந்து லைப்ஸிக் தெரு வழியாகக் கால் மணி நேரம் நடந்தால், பழைய நகர மதிலின் மிச்சமான லைப்ஸிக் கோபுரத்தைக் கடந்து, நகரின் சந்தைச் சதுக்கத்தை அடையலாம். சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. ஒன்று தனியாக நிற்கும் செங்கோபுரம். 1418இல் தொடங்கி 1506 வரை கட்டப்பட்ட மணிக்கோபுரம். உயரம் 84 மீட்டர். அதில் இப்போது 76 மணிகள் கொண்ட இசைமணித் தொகுதி இருக்கிறது. மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்துக்கு உரியவை. ஒரே தேவாலயத்துக்கு ஏன் நான்கு கோபுரங்கள் என்பது அந்தச் சதுக்கத்தில் நிற்கும் எவருக்கும் எழக்கூடிய கேள்வி. முன்பு அந்த இடத்தில் எதிரெதிராக இரண்டு தேவாலயங்கள் இருந்தன. 1529இல் இரண்டின் நடுப்பகுதிகளையும் இடித்துவிட்டு, ஒன்றின் மேற்குக் கோபுரங்களையும் மற்றொன்றின் கிழக்குக் கோபுரங்களையும் அப்படியே நிறுத்தி, இடையில் புதிய மண்டபம் ஒன்றைக் கட்டி இணைத்தார்கள். வேலை 1554இல்தான் முடிந்தது. பழைய கோபுரங்களின் அடித்தளமும் புதிய மண்டபத்தின் அடித்தளமும் ஒரே அளவில் அமிழாமல் போனால் சுவர் வெடித்துவிடுமே, அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று என் கணவர் கோபுரத்தின் மூலைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அந்தக் கட்டடப் பணி நடந்த ஆண்டுகளை நேயர்கள் கவனிக்க வேண்டும். பணியைத் தொடங்கியவர் அப்போது ஊரை ஆண்ட கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் ஆல்பிரெக்ட். அவர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையின் பெரும் பயனாளி. திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1517இல் எதிர்த்து எழுதியது அந்த விற்பனையைத்தான். சீர்திருத்த அலையைத் தடுத்து நிறுத்தும் பழைய சமயத்தின் கோட்டையாக ஹாலேயை ஆக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால் 1541இல் நகர மக்கள் லூத்தர் பக்கம் சாய்ந்தபோது அவர் ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது. தேவாலயம் கட்டி முடிந்தபோது அது லூத்தரியத் தேவாலயமாகிவிட்டிருந்தது. லூத்தரே அங்கே வந்து பிரசங்கம் செய்திருக்கிறார். 1546 பிப்ரவரியில் ஐஸ்லேபன் நகரில் அவர் இறந்தபின், உடலை விட்டன்பெர்க்குக் கொண்டுசெல்லும் வழியில் ஓர் இரவு இந்தத் தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். அவருடைய முகத்திலிருந்தும் கைகளிலிருந்தும் எடுக்கப்பட்ட மெழுகு வார்ப்புகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அதே தேவாலயத்தின் பலிபீடத்தில், லூக்காஸ் கிரானாக்கின் ஓவியக் கூடத்தைச் சார்ந்த பெரிய மடிப்போவியம் நிற்கிறது. அதில் அன்னை மரியாளின் முன் மண்டியிட்டிருப்பவர் வேறு யாருமல்லர், கர்தினால் ஆல்பிரெக்ட். ஆட்சியும் சமயமும் மாறிய பிறகும் அந்த ஓவியத்தை யாரும் அகற்றவில்லை. எதிரெதிராக நின்ற இருவருடைய முகங்கள் ஒரே கூரையின் கீழ் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கின்றன. சமயப் பூசல்களைப் பற்றி எத்தனையோ வகுப்புகள் எடுத்திருக்கிறேன். அந்தப் பலிபீடத்தின் முன் நின்றபோது புரிந்த அளவுக்கு எனக்கு அது அதற்கு முன் புரிந்திருக்கவில்லை.

இசைக்காக ஐரோப்பா செல்பவர்களுக்கும் இந்தத் தேவாலயம் போதுமானது. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஹாண்டல் 1685 பிப்ரவரி 23 அன்று ஹாலேயில் பிறந்தார். மறுநாள் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த வெண்கலத் தொட்டி, 1430இல் வார்க்கப்பட்டது, அங்கேயே இருக்கிறது. அவருடைய ஆசிரியர் ஃபிரெடெரிக் வில்ஹெல்ம் சாக்கோ அந்தத் தேவாலயத்தில் ஆர்கன் என்ற குழல் இசைக்கருவியை வாசித்த கலைஞர். பலிபீடத்துக்கு மேலே ஒரு சிறிய ஆர்கன் இருக்கிறது. 1664இல் கியார்க் ரைஹெல் என்பவர் செய்தது. சிறுவன் ஹாண்டல் கற்றுக்கொண்ட வாத்தியம் அது. இப்போதும் அதை வாசிக்கிறார்கள். இன்றைய பியானோவின் சம இடைவெளிச் சுருதி முறை பரவுவதற்கு முந்திய பழைய சுருதி முறையிலேயே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் சில ஸ்வரக் கூட்டுகள் மிகத் தெளிவாகவும், வேறு சில முரடாகவும் ஒலிக்கின்றன. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்தத் தெளிவு உடனே பிடிபடும் என்பது என் எண்ணம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே நிறுவப்பட்ட பெரிய ஆர்கனை 1716இல் சோதித்துச் சான்றளித்தவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக். அவருடைய மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமான் 1746 முதல் 1764 வரை அங்கே ஆர்கன் கலைஞராகப் பணியாற்றினார்.

ஹாண்டலின் தந்தை நாவிதத் தொழிலோடு சேர்ந்த அறுவை மருத்துவர். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்று விரும்பியவர். ஹாண்டல் 1702இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டார். அதே ஆண்டில் பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணியிலும் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹாம்பர்க்குக் கிளம்பிவிட்டார். பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். ஆண்டுதோறும் மே மாத இறுதியிலோ ஜூன் மாதத்திலோ நடக்கும் ஹாண்டல் விழாவின்போது ஊரே கச்சேரி மேடையாகிவிடுகிறது. சதுக்கத்தில் 1859இல் நிறுவப்பட்ட அவருடைய சிலைக்கு ஜெர்மானியர்களும் ஆங்கிலேயர்களும் சேர்ந்து பணம் கொடுத்திருக்கிறார்கள். பிழைக்கப் போன நாடும் பிறந்த ஊரும் ஒருவரைச் சேர்ந்தே உரிமை கொண்டாடுவது அழகான செய்தி.

சதுக்கத்திலிருந்து தேவாலயத்தின் பின்புறப் படிகளில் இறங்கினால் பழைய உப்புச் சந்தைத் திடல். ஹாலேயின் செல்வமெல்லாம் இந்த இடத்தில் ஊறியது. கடலில் இருந்து மிகத் தொலைவில் இருக்கும் இந்த ஊரில் நிலத்தடியில் இருந்து செறிவான உப்பு நீர் ஊற்றெடுத்தது. வெயிலில் காயவைக்கும் வழக்கம் அங்கே இல்லை. பெரிய இரும்புத் தட்டங்களில் ஊற்றி, இரவும் பகலும் விறகு எரித்துக் காய்ச்சினார்கள். அழுக்கைத் திரட்டி எடுக்க மாட்டு இரத்தம் சேர்த்தார்கள். அந்த உப்புக் காய்ச்சுவோர் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, தனி உடையும் தனி வழக்கங்களும் பேணி வந்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய உடையின் வெள்ளிப் பொத்தான்களைப் பார்த்து உருவாக்கிய சாக்லேட் உருண்டைகள் ஊர்க் கடைகளில் விற்கின்றன. அவற்றைச் செய்யும் ஆலை 1804இல் தொடங்கியது. ஜெர்மனியில் இன்னும் இயங்கும் சாக்லேட் ஆலைகளில் அதுவே மிகப் பழையது.

இனி, எங்களை அந்த ஊருக்கு இழுத்த இடத்துக்கு வருகிறேன். சதுக்கத்திலிருந்து தெற்கே சில நிமிட நடை. உயர்த்திக் கட்டிய சாலைப் பாலம் ஒன்றின் இரைச்சலைத் தாண்டினால், மஞ்சள் பூசிய ஓர் உயர்ந்த கட்டடம். முகப்பின் உச்சியில் கதிரவனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். பிராங்கே அறநிறுவனத்தின் வாயில் அது.

ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே என்ற பாதிரியார் 1692இல் ஹாலேயின் புறநகரான கிளௌகாவுக்குப் பொறுப்பேற்று வந்தார். கொள்ளைநோயாலும் வறுமையாலும் சிதைந்திருந்த பகுதி அது. 1695இல் அவருடைய காணிக்கைப் பெட்டியில் யாரோ நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் போட்டிருந்தார்கள். இந்தப் பணத்தைச் செலவழித்துத் தீர்த்துவிடாமல் உருப்படியாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று எண்ணிய அவர், புத்தகங்கள் வாங்கி, ஒரு மாணவரை ஆசிரியராக அமர்த்தி, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1727இல் அவர் இறக்கும்போது அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிகள், மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை, நூலகம் என்று ஊருக்குள் ஓர் ஊரே எழுந்திருந்தது. வேதாகமத்தை ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் அச்சிட 1710இல் அங்கே தனி நிறுவனமே தொடங்கப்பட்டது.

வாயிலைக் கடந்து உள்ளே போனதும் என் கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். நீண்ட முற்றத்தின் இருபுறமும் மரச்சட்டகக் கட்டடங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றுள் நீளமான வீடு என்று அழைக்கப்படுவது ஆறு தளங்கள் உடையது. ஐரோப்பாவின் மிகப் பெரிய மரச்சட்டகக் கட்டடங்களில் ஒன்று. மரத்தால் எலும்புக்கூடு அமைத்து, இடைவெளியைச் சுவராக அடைத்து எழுப்பும் கட்டுமான முறையில் அவ்வளவு உயரம் போவதற்குத் துணிச்சல் வேண்டும் என்றார் அவர். பழைய உத்தரங்களில் உளுத்துப்போன பகுதியை மட்டும் அறுத்து நீக்கி, புதிய மரத்துண்டைப் பழையதோடு பொருத்தி இணைத்திருப்பதை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். ஒரு கட்டடத்தை முழுவதும் இடித்துவிட்டு அதே மாதிரி புதிதாகக் கட்டுவது எளிது, மலிவும்கூட. இப்படி ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதற்குத்தான் பொறுமையும் பணமும் வேண்டும் என்று தன் பணிக்கால அனுபவத்தில் இருந்து சொன்னார்.

அந்தப் பொறுமையின் பின்னணி தெரிந்தால் அதன் மதிப்பு இன்னும் கூடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பழைய நகரங்கள் பல தரைமட்டமாயின. ஹாலேயும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. செங்கோபுரத்தின் கூம்பு 1945 ஏப்ரலில் எரிந்து விழுந்தது. சதுக்கத்தின் பழைய நகர்மன்றமும் சிதைந்தது. அமெரிக்கப் படைகள் ஊரை நெருங்கிய அந்த வாரத்தில், முதல் உலகப் போரின் கடற்படை வீரர் ஃபெலிக்ஸ் ஃபான் லுக்னர் உள்ளிட்ட சிலர் அமெரிக்கத் தளபதியுடன் பேசி, முழு அழிவில் இருந்து ஊரைக் காத்தார்கள். ஆனால் போரில் தப்பியது அமைதிக் காலத்தில் அழியத் தொடங்கியது. கிழக்கு ஜெர்மன் ஆட்சியில், வேதித் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக 1964 முதல் ஆற்றின் மறுகரையில் புதிய அடுக்குமாடி நகரம் எழுந்தபோது, பழைய நகரம் பராமரிப்பின்றி விடப்பட்டது. பிராங்கேயின் நிறுவனம் 1946இலேயே தன் தனியுரிமையை இழந்திருந்தது. அதன் வாசலை ஒட்டியே உயர்சாலையும் போடப்பட்டது. கூரைகள் ஒழுகின, சுவர்கள் சாய்ந்தன. கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் ஒரே நாடாக இணைந்த பிறகு, நூலகவியல் அறிஞர் பவுல் ராபே முன்னின்று நடத்திய மீட்புப் பணியால்தான் இன்று நாம் அவற்றைப் பார்க்க முடிகிறது. கட்டடங்கள் காட்சிப் பொருளாக நிறுத்தப்படவில்லை. பள்ளிகளும் மழலையர் கூடங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் அங்கே நடக்கின்றன. பயணிகளாகிய நாங்கள் பிள்ளைகளின் இடைவேளைக் கூச்சலுக்கு நடுவேதான் முற்றத்தைக் கடந்தோம்.

அநாதை இல்லத்தின் உச்சித் தளத்தில், கூரைக்கு அடியில், கலை மற்றும் இயற்கைப் பொருள் அறை இருக்கிறது. 1736 தொடங்கி 1741 வரை கோட்ஃபிரீட் ஆகஸ்ட் கிரூண்ட்லர் என்ற ஓவியர் வகைப்படுத்தி அடுக்கிய பொருள்கள், அவரே வண்ணம் தீட்டிய அலமாரிகளில், ஏறத்தாழ அதே ஒழுங்கில் இருக்கின்றன. ஐரோப்பிய மன்னர்களும் செல்வர்களும் இத்தகைய அறைகளை அமைப்பது அக்காலத்தில் வழக்கம். பிற்காலத்தில் அவை கலைக்கப்பட்டு, கல் ஓர் அருங்காட்சியகத்துக்கும் சிப்பி வேறோர் அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டன. அமைத்த இடத்திலேயே முழுமையாக எஞ்சியது என்று சொல்லத்தக்கவை மிகச் சில; இது அவற்றில் ஒன்று. உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. சிப்பி அலமாரியின் உச்சியில் சிப்பிகள், தாவர அலமாரியின் உச்சியில் இலைகள் என்று ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஓவியம் இருக்கிறது. அறையின் நடுவே மரத்தாலான இரண்டு பெரிய கோள் மாதிரிகள்: ஒன்றில் கதிரவன் நடுவில், மற்றொன்றில் பூமி நடுவில். எது சரி என்று முடிவாகச் சொல்லாமல் இரண்டையும் பிள்ளைகளின் கண்முன் வைத்த அந்த ஆசிரியர்களை, ஓர் ஆசிரியை என்ற முறையில் நான் மனமார வணங்குகிறேன்.

அங்கே இந்தியப் பொருள்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. அவை எப்படி அந்தக் கூரையடிக்கு வந்தன என்பதில்தான் நம்முடைய கதை தொடங்குகிறது. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் தன் வணிகக் குடியிருப்பான தரங்கம்பாடிக்கு அனுப்பிய பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹாலேயில் படித்தவர். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தவர். ஈராண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேகரித்து அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலே எழுதிவிட்டார். அதில் திருக்குறளும் இருக்கிறது. 1708இல் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழில் அச்சிடுவது அதற்கு முன்பே நடந்ததுதான். 1578இல் கொல்லத்தில் போர்த்துக்கீசியப் பாதிரியார்கள் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்தை நாம் அறிவோம். ஆனால் அந்த மரபு அறுந்துபோயிருந்தது. சீகன்பால்கு அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, தமிழே தெரியாத ஹாலே கைவினைஞர்கள் எழுத்துகளை வெட்டி வார்த்தார்கள். 1713இல் அந்த எழுத்துகள் தரங்கம்பாடி வந்தன. அளவில் பெரியவை, காகிதம் அதிகம் தின்றன. ஆகவே ஹாலேயிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளர்கள் தரங்கம்பாடியை அடுத்த பொறையாறு என்ற ஊரில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது.

1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடச் சென்றார். ஐரோப்பியருக்காகத் தமிழை விளக்கும் இலக்கண நூல் ஒன்றை சீகன்பால்கு 1716இல் ஹாலேயில் அச்சிட்டார். அந்தப் பயணம் முழுவதும் மலையப்பன் அவருக்குத் தமிழ்த் துணையாக இருந்தவர். மரச்சட்டக வீடுகளின் இடையே நடக்கும்போது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் குளிரில் அதே ஊரில் நடந்த அந்தத் தரங்கம்பாடிக்காரரை நானும் என் கணவரும் பலமுறை நினைத்துக்கொண்டோம். அவருக்கு அங்கே ஒரு கல்வெட்டாவது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்த உறவின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறையை விவரித்து சீகன்பால்கு எழுதிய பெரிய நூலை 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்று பிராங்கே அதை அச்சிட மறுத்தார். நூல் 1867 வரை வெளிவரவில்லை. அப்போதும் வெளிவந்தது சென்னையில். அநாதைப் பிள்ளைகளுக்கு இரண்டு உலக மாதிரிகளையும் காட்டிய நிறுவனம், நம் முன்னோரின் சமயத்தைக் காட்ட அஞ்சியது. இரண்டும் உண்மை, இரண்டையும் அதே முற்றத்தில் நின்று எண்ணிப் பார்க்க முடிகிறது.

அதைவிட என்னைப் பாதித்தது கடிதங்களின் செய்தி. 1712 முதல் 1714 வரை, தரங்கம்பாடிப் பாதிரிமார் தமிழர்கள் பலரிடம் சமயம், கல்வி, திருமணம், மருத்துவம், கிறிஸ்தவர்களைப் பற்றிய கருத்து என்று கேள்விகள் கேட்டு எழுத்தில் பதில் பெற்றார்கள். அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு, ஹாலேயில் வெளிவந்த மிஷன் அறிக்கைகளில் அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரணத் தமிழர் ஒருவர் ஐரோப்பியரின் குடியையும் உணவையும் நடத்தையையும் பற்றி என்ன நினைத்தார் என்பதை அவை வெளிப்படையாகச் சொல்கின்றன. தமிழ் மூலங்களில் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. நம்மவரின் குரலை நாம் ஜெர்மன் வழியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பனையோலைச் சுவடிகளின் தொகுப்பும் இருக்கிறது. முன்கூட்டியே எழுதி அனுமதி பெறும் ஆய்வாளர்கள் அவற்றைப் பார்க்கலாம். 1720களில் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பழைய நூலகத்தில், நாடக மேடையின் பக்கத் திரைகளைப் போல வரிசையாக நிற்கும் மர அலமாரிகளுக்கு இடையே ஒருமுறையாவது நிற்கும்படி, தமிழ் ஆராய்ச்சி செய்யும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பொருள் தன் இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டால் என்ன இழப்பு என்பதற்கும் ஹாலேயிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மாநிலத் தொல்பழங்கால அருங்காட்சியகத்தில், இருட்டிய அறை ஒன்றில், நெப்ரா விண்தட்டு வைக்கப்பட்டுள்ளது. சுமார் 32 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெண்கல வட்டு. அதன்மேல் பொன்னால் கதிரவனோ முழுநிலவோ ஒன்று, பிறைநிலவு, விண்மீன்கள், ஒரு படகு, தொடுவானத்தைக் குறிக்கும் வளைவு. ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைக்கப்பட்டது. நெருக்கமாக நிற்கும் ஏழு புள்ளிகளைக் கார்த்திகை விண்மீன் கூட்டம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சங்கப் பாடல்கள் அறுமீன் என்று ஆறாக எண்ணிய கூட்டத்தை அவர்கள் ஏழாகப் பதித்திருக்கிறார்கள். 1999இல் உலோகங்காட்டும் கருவியோடு வந்த புதையல் திருடர்கள் இதைக் கொத்தித் தோண்டியெடுத்து, ஓரத்தைச் சிதைத்து, விற்றுவிட்டார்கள். 2002இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், அருங்காட்சியகத்தின் தலைவர் ஹரால்ட் மெல்லரே வாங்குபவர்போல் போய் உட்கார, காவல்துறை அதை மீட்டது. அதன் பிறகுதான் ஆய்வாளர்கள் அது கிடைத்த குன்றைத் தேடிப் போனார்கள். வட்டில் ஒட்டியிருந்த மண்ணை அந்தக் குன்றின் மண்ணோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். இடம் தெரிந்த பிறகே, ஓரத்து வளைவு அந்த நிலப்பகுதியில் கோடை உச்சிக்கும் குளிர் உச்சிக்கும் இடையே கதிரவன் மறையும் திசைகளின் எல்லையோடு பொருந்துவதைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடிந்தது. சிலை திருட்டால் வாடிய கோயில்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மோரிட்ஸ்பர்க் கோட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பதாண்டுப் போரில், 1637இல் எரிந்து பாழான கோட்டை அது. 2008இல் ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் அந்தப் பாழின்மேல் அலுமினியக் கூரை அமைத்து ஓவியக் கூடமாக்கினார்கள். ஓவியர் லயனல் ஃபைனிங்கர் 1929 முதல் 1931 வரை அதன் வாயிற்கோபுரத்தில் தங்கி ஹாலேயை 11 ஓவியங்களாகத் தீட்டினார். நாஜிகள் 1937இல் அவற்றைக் கைப்பற்றினார்கள்; சில மட்டுமே திரும்பி வந்திருக்கின்றன. பல்கலைக்கழகத்தைக் கடக்கும்போது நான் தேடியது ஒரு பெண்ணின் பெயரை: ஜெர்மனியில் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி டொரோதியா எர்க்ஸ்லேபன் 1754இல் இங்கேதான் தேர்வில் தேறினார்.

ஒரு மாலையில் யூதத் தொழுகைக் கூடம் உள்ள தெருவுக்கும் போனோம். 2019 அக்டோபர் 9 அன்று, யூதர்களின் மிகப் புனிதமான நாளில், ஆயுதம் தாங்கிய ஒருவன் உள்ளே நுழைய முயன்றான். உள்ளே ஐம்பது பேர் அளவில் இருந்தார்கள். மரக்கதவு உடையவில்லை. வெளியே இரண்டு உயிர்கள் போயின. குண்டு பட்ட அந்தக் கதவை அதே வளாகத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். பழைமையைப் போற்றும் ஓர் ஊர் இந்தக் காயத்தையும் அதன் இடத்திலேயே வைத்திருப்பது நேர்மையான செயல்.

போக நினைக்கும் நேயர்களுக்குச் சில செய்திகள். பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். லைப்ஸிக்கிலிருந்து அரை மணி நேரம். ஜெர்மனியில் ஹாலே என்ற பெயரில் வேறோர் ஊரும் இருப்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போது சாலே என்ற ஆற்றின் பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் டிராம் வண்டிகள் நிறைய ஓடுகின்றன; 1891இலேயே மின்சார டிராம் ஓடிய நகரம் அது. ஆனால் மையப் பகுதி முழுவதும் நடைத் தொலைவுதான். கற்கள் பாவிய தெருக்கள் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் தடித்த அடியுள்ள காலணி அணிவது நல்லது. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். மே, ஜூன் மாதங்களில் சைவ உணவுக்காரர்களுக்கு ஆஸ்பராகஸ் எனப்படும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கோடு கேட்டு வாங்கலாம். ஹாண்டல் விழாவுக்குப் போவதாக இருந்தால் அறையையும் நுழைவுச்சீட்டையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். தம்பதியராகப் போகிறவர்கள் ஒரு முற்பகலையாவது ஆளுக்கொரு பக்கம் பிரிந்து பார்த்துவிட்டு, மதிய உணவில் சந்தித்துப் பேசுங்கள்; அவர் கண்ட உத்தரமும் நான் கண்ட ஏடும் ஒன்றாகச் சேர்ந்தது அப்படித்தான். பிராங்கே நிறுவனத்துக்குக் கடைசி நாளை ஒதுக்காதீர்கள். அங்கே ஒருமுறை போனால் மறுநாளும் போகத் தோன்றும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.